கதவுப் பையில் இருந்த சீட்டு

காரிமங்கலம்
3.2.2025

மதிப்பிற்குரிய அருள்நாதன் ஐயாவுக்கு,

மாதவராஜ் வணக்கம். போனில் பேசினால் உங்கள் காதுக்கு எட்டாது. அதனால் பல வருஷம் கழித்துப் பேனாவைப் பிடித்திருக்கிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய எம்.ஜி. கார் பொம்மிடியிலிருந்து என் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வெளியே கைப்பிடி இல்லாத கதவை எப்படித் திறப்பது என்று ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். உள்ளே கைவிட்டுக் கயிற்றை இழுத்துத் திறந்து காட்டுவதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. என் மனைவி காவியா மட்டும், "பின்சீட்டே இல்லாத வண்டிய வாங்கியாந்திருக்கறீங்களே, எங்கம்மா வந்தா டிக்கியிலயா ஒக்கார வெப்பீங்க?" என்று கேட்டாள்.

இப்போது மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காவியாவை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். சந்தைத் திடலைத் தாண்டுவதற்குள் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. அவளை இழுத்து வெளியே விட்டு, மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தோம். சேலை முந்தானை கருகியதோடு போயிற்று. ஒயர் மொத்தமும் எரிந்துவிட்டது.

ஒயரிங் முழுக்க நீங்களே இழுத்தது என்றீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் வேறு யாரிடமும் காட்டாமல் வாங்கினேன். உங்கள் மேல் சந்தேகம் இல்லை. உங்களுக்குத் தெரியாமல் வேறு யாராவது கை வைத்தார்களா என்று மட்டும் விசாரித்துப் பாருங்கள்.

அன்புடன்,
மாதவராஜ்


பொம்மிடி
11.2.2025

அன்புள்ள தம்பி மாதவராஜுக்கு,

உங்களுக்கும் காவியாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு முதலில் இறைவனுக்கு நன்றி. கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ரயில்வேயில் முப்பத்து நான்கு வருஷம் எலெக்ட்ரிகல் ஃபிட்டராக இருந்தவன் நான். என் ஒயரிங்கில் புகை வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பேட்டரியை மாற்றினீர்களா? அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டி அது. மற்ற வண்டிகளில் மைனஸ் பாடியில் சேரும். இதில் பிளஸ்தான் பாடியில் சேர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் எரிந்துவிடும். காது போனதிலிருந்து எதையும் எழுதிக் கொடுப்பதுதான் என் வழக்கம். இதையும் ஒரு சீட்டில் எழுதி டிரைவர் பக்கக் கதவுப் பையில் வைத்திருந்தேன். பார்த்தீர்களா?

நீங்கள் பேட்டரியைத் தொடவில்லை என்றால், என் மகன் இனிகோவைத்தான் கேட்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் செல்போன் சார்ஜ் போட என்று ஓர் ஒயர் இழுத்தான். நான் சத்தம் போட்டதும் கழற்றிவிட்டேன் என்றான். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் அவனிடம் பேசுவேன்.

ஆசியுடன்,
அருள்நாதன்


காரிமங்கலம்
16.2.2025

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் பேட்டரி பக்கமே போகவில்லை. கதவுப் பையில் சீட்டு எதுவும் இல்லை. நடந்தது நடந்துவிட்டது. தம்பி இனிகோவை ஒன்றும் சொல்லாதீர்கள். விவரம் தெரியாமல் செய்திருப்பார்.

உரக்கடையில் சீசன் வேலை. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

மாதவராஜ்


பொம்மிடி
21.4.2025

அன்புள்ள தம்பிக்கு,

விரிவாக எழுதுவதாகச் சொன்னீர்கள், வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். வண்டிக்கான முழு ஒயரிங் செட். நானே கட்டியது. கண் மங்கலாக இருப்பதால் இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஒவ்வொரு முனையிலும் அது எங்கே சேரும் என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன். என் வீட்டிலிருந்து போன பொருளால் உங்களுக்கு வந்த கஷ்டம் இது. என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

இனிகோவைக் கேட்டேன். ஒயரைக் கழற்றிவிட்டேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஒப்புக்கொண்டிருந்தால் விட்டிருப்பேன். பொய் சொல்கிறானே என்றுதான் எனக்கு ஆத்திரம். குருத்து ஞாயிறன்று கோவில் வாசலில் பேச்சு வளர்ந்து, எல்லார் முன்னாலும் அவனைப் பொய்யன் என்று சொல்லிவிட்டேன். அவன் பதிலுக்கு என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் மனைவி அமுதாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டான். ஈஸ்டருக்கும் வரவில்லை. என் மனைவி ராஜமேரி என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கும்போது தட்டு மட்டும் சத்தம் போடுகிறது, அது எனக்கே கேட்கிறது.

மகன் செய்ததற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அருள்நாதன்


காரிமங்கலம்
8.6.2025

ஐயா,

இந்தக் கடிதத்தை நான் பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பேட்டரியை மாற்றியது நான்தான். பழையது இழுக்கவில்லை என்று தருமபுரியில் புதிதாக வாங்கி, என் கையாலேயே மாட்டினேன். எல்லா வண்டிக்கும் போடுவதுபோல மைனஸைப் பாடியில் கொடுத்தேன். வண்டியைப் பற்றி நீங்கள் ஒரு மணி நேரம் சொன்னீர்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே கதவுப் பையில் கைவிட்டுப் பார்த்தேன். சீட்டு இருந்தது. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்குள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், பொம்மிடிப் பெரியவர் கெட்டுப்போன வண்டியை என் தலையில் கட்டிவிட்டார் என்று சொல்லி முடித்திருந்தேன். சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் உங்களுக்குப் பொய் எழுதினேன். பழி இனிகோ மேல் விழும் என்று தெரிந்தேதான் எழுதினேன். 'தம்பியை ஒன்றும் சொல்லாதீர்கள்' என்று நல்லவன்போல ஒரு வரி வேறு சேர்த்தேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பார்சலைப் பிரிக்காமல் ஒரு மாதம் அலமாரிக்கு மேலே வைத்திருந்தேன். காவியாதான் எடுத்துப் பிரித்தாள். ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே வந்தவள், பேட்டரி முனையில் நீங்கள் சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள். "நீங்க புது பேட்டரி மாட்டுனப்ப நாந்தான டார்ச் புடிச்சேன்? அந்தப் பெரியவரு கிட்ட சொல்லிட்டீங்களா, இல்லையா?" என்றாள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றிலிருந்து இன்று வரை அவள் அந்த வண்டிப் பக்கம் போகவில்லை.

சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இனிகோவின் விலாசம் கொடுங்கள். நேரில் போய் அவர் காலில் விழவும் தயார். கடையில் வைத்து எல்லாரிடமும் உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாதவராஜ்


பொம்மிடி
30.6.2025

மாதவராஜுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மறைக்கவில்லை, உங்களைத் திட்டி இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். பொய் எழுதியது நீங்கள். ஆனால் இரண்டே தடவை பார்த்த உங்களை நம்பி, முப்பத்தெட்டு வருஷம் பார்த்த பிள்ளையை நம்பாமல் போனது நான். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு பதினைந்தாம் தேதி ஓசூருக்குப் பஸ் ஏறினேன். இனிகோ வாசலிலேயே நின்று படித்தான். படித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். அமுதா காபி கொடுத்தாள். குழந்தை மடியில் வந்து ஏறிக்கொண்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

கிளம்பும்போது அவன் ஏதோ கேட்டான். எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டான். பிறகு குழந்தையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தான்: "அந்தாளு கடுதாசி போடலன்னா என்னைத் தேடி வந்திருப்பீங்களாப்பா?"

பஸ் ஸ்டாண்ட் வரை அவனே கொண்டுவந்து விட்டான். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நீங்கள் அவனைப் பார்க்கப் போக வேண்டாம். ஒயரிங் செட்டை மாட்டி வண்டியை ஓட்டுங்கள். சீட்டுகளைக் கழற்றிவிடாதீர்கள், பின்னால் வாங்குகிறவருக்கு உதவும். இனி எனக்குக் கடிதம் போடாதீர்கள், பதில் எழுத நேரம் இருக்காது. இனிகோவின் தாள் இரண்டு வாரமாக என் மேசைமேல் இருக்கிறது. அவனுக்குத்தான் நான் இன்னும் பதில் எழுதவில்லை.

அருள்நாதன்