ஃபேனுக்கு ஒரு தனி சுவிட்ச்

7 மார்ச் 2003, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. இடுப்பு வலி என்று மனைவி வியாகுலத்திடம் சொன்னேன். வலி ஒன்றும் இல்லை. யார் கண்ணிலும் படப் பிடிக்கவில்லை.

நேற்று முன்தினம் திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு இருவரும் குமுளிக்குக் கிளம்பினோம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது கார் கொதித்து, ஆவி கக்கி, நடுவழியில் நின்றுவிட்டது. ஒரு ஜீப்காரர் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார்; அதை ஊற்றி, ஆறவிட்டுத்தான் குமுளி போய்ச் சேர்ந்தோம். “பெருசு, இந்த வயசுல எதுக்கு இந்த வேலை?” என்று அந்த ஜீப்காரர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

செய்தி மதுரைக்குப் போய்விட்டது. மகன் சாலமன் நேற்று போனில் பேசினான். காரை விற்றுவிட வேண்டுமாம், ஆளும் பார்த்துவிட்டானாம். இனி மாதம் ஒருமுறை வாடகைக் கார் வைத்து அம்மாவைக் குமுளிக்கு அனுப்புவானாம்.

மாதம் ஒருமுறை. வியாகுலத்தின் அக்கா செசிலி வாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். புதன்தோறும் இவள் போய்த் தலைக்கு ஊற்றி, சீவிவிடுகிறாள். வேறு யாரையும் அவர் தலையைத் தொட விடுவதில்லை. இவளுக்கோ முழங்கால் தேய்மானம், பஸ் படி ஏற முடியாது. கார் போனால் புதன்கிழமையும் போயிற்று.

போனில் “சரிப்பா” என்றேன். இங்கே எழுதுகிறேன்: சரி இல்லை.

வகுப்புக்குப் போகுமுன் பாடக்குறிப்பு எழுதுகிற பழக்கம் முப்பத்துமூன்று வருடப் பழக்கம். ஆகவே இனி இந்த நோட்டில் வரப்போவது:

1. கார் கொதித்ததற்குக் காரணம் ரேடியேட்டர் ஃபேன் ஓடாததுதான். என் வயது அல்ல.
2. சூடு ஏறியதும் ஃபேனை ஓடவிடும் சென்சார் செத்திருக்க வேண்டும். சோதித்துப் பார்ப்பேன்.
3. புதிய சென்சார் போட்டாலும் அதை மட்டும் நம்புவதில்லை. கையால் போடுகிற சுவிட்ச் ஒன்றையும் வைப்பேன். வயரிங் நானே செய்வேன்.
4. சுவிட்ச் ஓட்டுபவரின் வலக்கைப் பக்கம், பிறர் கை படாத இடத்தில் இருக்க வேண்டும். வியாகுலத்துக்கு விளக்க வேண்டியதில்லை; அவளுக்கு இயந்திரம் என்றால் பயம்.
5. காரை விற்க மாட்டேன்.

ஐந்தாவதை ஒருமுறை எழுதி அடித்தேன். மறுபடி எழுதிவிட்டேன்.

8 மார்ச், சனி

தவக்காலம் என்பதால் கறிச்சட்டி சும்மா இருந்தது. அதில் தண்ணீர் கொதிக்கவைத்து, சென்சாரைக் கழற்றி உள்ளே தொங்கவிட்டேன். தெர்மாமீட்டரில் 97 வரை போயிற்று. மல்டிமீட்டரின் முள் அசையவே இல்லை. பிறகு ஃபேனுக்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தேன். சுற்றியது!

ஒன்றும் இரண்டும் சரி.

சட்டியை மூன்று தடவை தேய்த்தும் வியாகுலத்துக்குத் திருப்தி இல்லை. ஈஸ்டருக்குப் புதுச் சட்டி வேண்டுமாம்.

10 மார்ச், திங்கள்

உத்தமபாளையம். மெக்கானிக் சுருளியின் ஒர்க்ஷாப். என்னிடம் பிளஸ் டூ படித்தவன். இப்போது தலை நரைத்துவிட்டது. சென்சார் மதுரையிலிருந்துதான் வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றான். அதுவரை சுவிட்ச் வைக்கலாமா என்று கேட்டேன்.

“எதுக்குச் சார் சுவிட்சு? டைரக்டா கொடுத்துருவோம். சாவியப் போட்டா ஓடும், எடுத்தா நிக்கும்.”

அப்படிச் செய்தால் காலையில் எஞ்சின் சூடேறாது, மோட்டார் தேயும், விளக்குப் போட்டு ஓட்டும்போது பேட்டரிக்குப் பாரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிற ரிலே ஒன்று, ஃபியூஸ் ஒன்று, தடித்த வயர் வேண்டும் என்று வரைபடத்தையும் நீட்டினேன்.

“பிசிக்ஸ்ல பெயிலானதாலதான் சார் இந்தத் தொழிலுக்கே வந்தேன். இங்கனயும் வந்து அதையே நடத்துறீகளே” என்றான். ஒர்க்ஷாப்பே சிரித்தது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. பொருள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

12 மார்ச், புதன்

குமுளிக்குப் போகவில்லை. அக்காவுக்காக எடுத்துவைத்திருந்த எண்ணெய்ப் பாட்டிலை வியாகுலம் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

14 மார்ச், வெள்ளி

காலை எட்டிலிருந்து நாலு வரை வேலை. வரைபடத்தில் உள்ளபடியே எல்லா வயரும் கொடுத்தேன். வியாகுலம் பக்கத்தில் நின்று, நான் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை. ஃபேன் ஓடவில்லை, ரிலேயில் ‘டிக்’ என்ற சத்தம்கூட இல்லை. ஆறு முறை சரிபார்த்தேன். எங்கே தப்பு?

சாலமன் சொல்வதுதான் சரியோ. எனக்கு எதுக்கு இந்த வேலை. பலகையில வரைஞ்சு காட்டுனதோட நின்னிருக்கணும்.

15 மார்ச், சனி

கண்டுபிடித்துவிட்டேன். எர்த் வயரைக் காரின் உடம்பில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தேன். போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட். பெயிண்ட் வழியாக மின்சாரம் எப்படிப் போகும்?

எர்த் என்றால் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடு. எத்தனை ஆயிரம் தடவை பலகையில் போட்டிருப்பேன்! சாக்பீஸ் கோட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்ததில்லை. சுரண்டிவிட்டு முறுக்கினேன். ‘டிக்’. உடனே ஃபேன்.

அடுப்படியில் இருந்த வியாகுலம் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனாள். சுருளியிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

16 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து வருகிறோம், மார்க்கையன்கோட்டைக் கோட்டைச்சாமி வாசலில் நிற்கிறார். சாலமன் பேசி அனுப்பிய ஆள். காப்பி கொடுத்தேன். மன்னிக்க வேண்டும், வண்டி விற்பனைக்கு இல்லை என்றேன். அவர் விலையைக் கொஞ்சம் ஏற்றினார். மறுபடி மன்னிப்புக் கேட்டேன். மறுபடி ஏற்றினார். மூன்றாவது தடவை எழுந்து நின்று கைகூப்பிவிட்டேன்.

“வாத்தியார்னு லேசா நினைச்சுட்டேன். பெரிய வியாபாரியா இருப்பீக போல” என்று சொல்லி, இன்னும் ஏற்றினார்.

விற்க மாட்டேன், போய்வாருங்கள் என்றேன். என் குரலா அது? வீட்டுக்கு வந்தவரை இதுவரை அப்படி அனுப்பியதில்லை.

17 மார்ச், திங்கள்

சாலமன் போன். கோபம். அவனை என்ன சொல்ல, பயத்தில் வருகிற கோபம். “மலையில அம்மாவுக்கு ஒண்ணுன்னா யாருப்பா பதில் சொல்றது?” என்றான்.

நான் சொன்னேன்: நீ வா. வந்து பின்னால உட்காரு. ஏறிக் காட்டுறேன்.

சரி, வருகிற 26-ஆம் தேதி லீவு போட்டு வருகிறேன், அதுவரை மலைப்பக்கம் போகக் கூடாது, அன்றைக்கு ஒருமுறை ஆவி வந்தாலும் அன்றே வண்டியை விற்றுவிட வேண்டும் என்றான். ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டிருக்கக் கூடாதோ?

19 மார்ச், புதன்

இன்றும் போகவில்லை. இத்தோடு இரண்டு புதன்.

26 மார்ச், புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

சென்சார் இன்னும் வரவில்லை, சுவிட்ச் மட்டும்தான். சூட்டுமானியின் முள் பாதியைத் தாண்டினால் ஃபேனைப் போடுவது என் திட்டம். சாலமன் பின்சீட்டில் மடியில் தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்தக் கேனைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்த வியாகுலம் எப்போதும்போல லோயர் கேம்ப்பில் செபமாலையை ஆரம்பித்தாள்.

முன்னால் வைக்கோல் லாரி. இருபுறமும் பிதுங்கிய பாரம், நடக்கிற வேகம். முந்த இடமில்லை. ஒரு வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது; லாரி நின்றது; என் பின்னால் ஜீப்கள் ஹாரன். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க வேண்டும். கிளட்ச், கைபிரேக், கியர் — வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். முள், சுவிட்ச், திட்டம் எதுவும் நினைவில் இல்லை. சுத்தமாக மறந்துபோயிற்று. பெருமை பேசி மகனைக் கூட்டி வந்தவன் மறந்துபோனேன்.

அப்போது என் கைக்குக் கீழே புகுந்து ஒரு கை வலப்பக்கம் போயிற்று. விரலில் செபமாலை தொங்கியது. ‘டிக்’. ஃபேன் ஓடியது.

“என்னம்மா பண்றே?” என்றான் சாலமன், பதறிப்போய்.

“அப்பா மறந்துட்டாக. முள்ளு ஏறிருச்சு” என்றாள். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மணியை உருட்டினாள்.

முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. நின்று, மெல்ல இறங்கியது. ஆவி வரவில்லை. குமுளி சேர்ந்தோம். மூன்று வாரத்துச் சிக்கை வியாகுலம் நுனியிலிருந்து எடுத்துச் சீவினாள். செசிலி அக்கா கோணிய வாயால் அவளைத் திட்டிக்கொண்டே சிரித்தார். சாலமன் கதவோரத்தில் கேனோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்ததும் வியாகுலத்திடம், எப்படிப் பார்த்தாய் என்று கேட்டேன்.

“செபமாலையில பத்து மணி உருட்டி முடிஞ்சா ஒருக்க முள்ளைப் பாப்பேன். சாம்பல் புதனன்னைக்கும் பாத்தேன், மூணாவது பத்துலயே ஏறிருச்சு. ஓட்டும்போது பேசுனா உங்களுக்குப் படபடன்னு வரும்னு வாயத் தொறக்கல.”

27 மார்ச், வியாழன்

நான் மறந்ததை சாலமன் குத்திக்காட்டவில்லை. கோட்டைச்சாமிக்கு அவனே போன் செய்து வண்டி இல்லை என்றான். அவர் இன்னும் விலை ஏற்றினாராம். கேனைக் காரிலேயே வைத்துவிட்டு மதுரைக்குப் போனான்.

2 ஏப்ரல், புதன்

நேற்று சுவிட்சைக் கழற்றி, டேஷ்போர்டில் இடப்பக்கம் வியாகுலத்தின் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டினேன். எர்த்துக்குப் பெயிண்ட்டைச் சுரண்ட மறக்கவில்லை. இன்று குமுளிக்குப் போய்வந்தோம். மூன்றாவது பத்து முடிந்ததும் அவளே போட்டாள், இறக்கத்தில் அவளே நிறுத்தினாள். நான் சாலையை மட்டும் பார்த்தேன்.

முதல் நாள் எழுதியதை எடுத்துப் படித்தேன். சுவிட்சையும் வியாகுலத்தையும் பற்றிய நான்காவது தவறு. இரண்டு வாக்கியமுமே.