மரிவிக் பெயரில் வந்த சாப்பாட்டுப் பட்டியல்

அன்புள்ள அம்மா,

உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். முட்டி வலி குறைந்ததா? மக்காவ் நகரில் நான் நலம்.

எங்கள் கேசினோவில் போக்கர் போட்டி நடக்கிறது. வெளியூர் ஆட்டக்காரர்களுக்குச் சாப்பிட ஒரு மணி நேரம்தான் இடைவேளை. தாமதமானால் அவர்கள் இல்லாமலே ஆட்டம் தொடங்கிவிடும். அதனால் எந்தக் கடையில் எத்தனை நிமிடத்தில் சாப்பாடு வரும் என்று மூன்று மாதமாக விடுமுறை நாளெல்லாம் அலைந்து ஒரு பட்டியல் எழுதினேன். நல்ல பட்டியல் தருபவருக்கு விருந்தினருக்கு வழி சொல்லும் மேசையில் வேலை என்று மேலாளர் சொல்லியிருந்தார். நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கிய எனக்கு ஏற்ற வேலை.

"அவர் முன்னால நின்னா நீ வாயே திறக்க மாட்டே. குடு, நான் குடுக்கறேன்" என்று என் அறையில் இருக்கும் நம் பக்கத்து வீட்டு மரிவிக் வாங்கிப் போனாள். அச்சாகி வந்த பட்டியலில் அவள் பெயர் இருந்தது. வேலையும் அவளுக்கே கிடைத்தது.

நேற்று ஓர் ஆட்டக்காரர் அவளிடம் வழி கேட்டார். விருந்தினரின் கோட்டுகளை வாங்கி வைக்கும் வேலையில் நின்ற என் பக்கம் திரும்பி, "ஏய், அந்த மீன் சூப் கடை எந்தச் சந்துடி?" என்றாள்.

சொல்லிவிட்டேன். அவர் அவளுக்கு நன்றி சொன்னார்.

கவலைப்படாதீர்கள், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் அம்மாவிடம் எதுவும் கேட்க வேண்டாம். கருவாடு அனுப்பும்போது மட்டும் எங்கள் இருவருக்கும் ஒரே பெட்டியாகப் போடாதீர்கள். என்னுடையதைத் தனியாகக் கட்டி, மேலே என் முழுப் பெயரையும் பெரிதாக எழுதுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
ரோவெனா