கலா என்னைப் போட்ட படிவம்

நவம்பர் 3, திங்கள்

இன்று என் மனைவி கலாவுக்கு முதல் வேலை நாள். டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடம். சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்ற படிவத்தின் கொப்பியை வந்ததும் பெருமையாகக் காட்டினாள். தன் வருமானத்தில் வாழும் துணை என்று என்னைப் போட்டிருக்கிறாள்!

“நீங்கள் என்னைப் போட்டனீங்கள்தானே. இப்ப நானும் உழைக்கிறன்,” என்றாள்.

நாலு வருடமாக நான் அவளைப் போட்டது உண்மை. அதனால் எனக்கு வரி குறைவாகப் பிடித்தார்கள். இனி இருவருக்கும் சம்பளம் இருப்பதால் இரண்டு படிவமும் பிழை, மாற்றாவிட்டால் குறைத்துப் பிடித்த வரியை வருட முடிவில் மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றேன்.

“அப்ப என்னை வெட்டப் போறியளோ?” அவள் முகம் சுருங்கிவிட்டது.

“ரெண்டு பேரும் வெட்டுவம்,” என்றேன்.

நாள் முழுக்க ஊருக்கெல்லாம் சாப்பாடு கட்டியவள், எழும்பிப் போய் எனக்குப் புட்டு அவித்தாள். அவள் எழுதியது வரிக்காரருக்கு மட்டும்தான் பிழை.