புது மூடியில் சந்தனம்

7 பிப்ரவரி 1992, வெள்ளி. பருத்திப்பட்டு.

காலையில் காரில், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புது மூடியும் பிளக் ஒயர்களும் மாட்டினேன். கையேட்டைப் பார்த்து, ஒயர்களுக்கு எண் எழுதி ஒட்டி, ஒவ்வொன்றாகத்தான் மாற்றினேன். ஆனாலும் எஞ்சின் இருமி இருமி நின்றது. மூன்று முறை கழற்றி மாட்டினேன். நாளை இதே காரில்தான் மனைவி கமலாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போக வேண்டும். என் கை மேல் எனக்கே நம்பிக்கை போயிற்று.

எதிர்வீட்டு மெக்கானிக் எல்லப்பனைக் கூப்பிட்டேன். அவன் குனிந்து பார்த்துச் சிரித்தான். "இன்னா சார், மூடிக்கு நாமம் போட்டு வச்சிகீறீங்க? ஈரச் சந்தனம் சார். கரண்டு பிளக்குக்குப் போவாம இது மேலயே ஓடுது."

தை வெள்ளி என்று புதுச் சாமானுக்குப் பொட்டு வைத்தவள் கமலா. கண் மங்கலில் அது ஒயர்களுக்கு நடுவே கோடாக இழுபட்டிருந்தது. நானும் பார்த்தேன், பொட்டுதானே என்று விட்டுவிட்டேன். துடைத்ததும் முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது.

சத்தம் கேட்டு அவள் வாசலுக்கு வந்தாள். "என்னங்க கோளாறு? நான் ஏதாவது பண்ணிட்டேனா?"

"நான்தான் ஒரு ஒயரைச் சரியா அழுத்தல."

"நெனச்சேன். உங்களுக்கு எதுலயும் அவசரம்."

என்னை அவசரக்காரன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எல்லப்பன் தரையைப் பார்த்துக்கொண்டான். ஆபரேஷன் பயத்தில் இரண்டு நாளாகச் சாப்பிடாதவள், என் அவசரத்தைச் சொல்லிச் சொல்லியே இன்று மூன்று தோசை சாப்பிட்டாள். சொல்லட்டும்.