கரிநூல் ஓலைகள் திரும்பி வருவது பற்றி

மலையில் இறங்கும் நீரெல்லாம் முதலில் காலடி வைக்கும் குறும்பொறை நாட்டில் ஏரிகள் தளும்புக, எருதுகள் இளைக்காதிருக்க, இஞ்சிக் கொல்லைகள் மணக்க. அந்நாட்டின் தலைவரும், சினம் வந்தபோதும் குரல் உயர்த்தாதவர் என்று கடற்கரைவரை பெயர் கேட்டவருமான எயினங்கோ வேளார் திருமுன்பு, கானலம்பட்டணத்து அரியணையில் வீற்றிருந்து முறைசெய்யும் பெருமாட்டி எழினிமாதேவியாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் வண்டார்குழலி எழுதி விடுக்கும் ஓலை.

இது வேளார் ஒருவர் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஊர்ச்சாவடியில் உரக்க வாசிக்கத் தக்கது. ஆதலால் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்பவர்க்கும், பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவர்க்கும், காது மந்தமாகிப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்க்கும் பெருமாட்டியின் அன்பு சேர்வதாக. அவருள் இஞ்சி வணிகர் பூவணனாரின் மனைவி மருதியம்மையாருக்குத் தனியே ஒரு சொல்: தாயே, இவ்வோலை தங்கள் துயரைக் கிளறும். கிளறாமல் எழுத வழி தேடினோம், கிடைக்கவில்லை. பாதியில் எழுந்து போக மனம் வந்தால் எழுந்து போகலாம், எவரும் தடுக்கலாகாது.

பூவணனாரைக் கடற்கழி பலிகொண்டது என்று இவ்வரண்மனை முன்பு உங்களுக்கு எழுதியது. அந்தச் சொல்லைத் திருத்தவே இவ்வோலை வருகிறது.

கானலம்பட்டணத்துக் கேள்விப் பந்தலைக் குறும்பொறையார் அறிவீர்கள். உங்களில் பலர் அங்கே ஓலை தொங்கவிட்டவர்கள். மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது, பாய்மரம் கிழிந்தால் எப்படித் தைப்பது என்று ஐயம் கொண்டவர் ஓர் ஓலையில் கேட்டுத் தொங்கவிடுவார். அறிந்தவர் அதன் கீழ் விடை தொங்கவிடுவார். அவ்விடையால் பயன்பட்டவர் மஞ்சள் நூல் ஒன்றை முடிந்துவிட்டுப் போவார். மஞ்சள் நூல் மிகுந்த ஓலையை மக்கள் நம்புவர். பிறர் சொல்லைத் திருடித் தன் பெயரில் தொங்கவிடுவாரும் உண்டாகையால், புதிய ஓலைகளைப் படித்துப் பார்க்கப் பார்வையர் என்போர் அமர்த்தப்பட்டனர். அவர்கள் கூலி வாங்குவதில்லை. ஆளுக்கொரு மணை, அதுவே மதிப்பு. திருட்டு என்று கண்டால் அவ்வோலையில் கரிநூல் கட்டிப் பேழையில் இடுவார்கள். கரிநூல் பட்டவர் அடுத்த மழைக்காலம்வரை பந்தலில் வேறோர் ஓலையும் தொங்கவிட முடியாது.

பார்வையர் விழிப்பாக இருக்கிறார்களா என்று அறிய, அரண்மனை ஒரு சூழ்ச்சியும் செய்தது. பழைய ஓலை ஒன்றை அப்படியே படியெடுத்து, அதன் வாலில் ஒரு வரியை மட்டும் மாற்றி, புதிய ஓலைகளுக்கு நடுவே கலந்துவிடுவார்கள். இதற்கு வேவோலை என்று பெயர். வேவோலையை நல்ல ஓலை என்று விட்டுவிட்ட பார்வையரின் மணையைப் பந்தலில் எல்லாரும் காணக் குப்புறக் கவிழ்த்து வைப்பார்கள்; ஒரு பருவம் அவர் அங்கே அமரக்கூடாது. ஆனால் நல்ல ஓலை ஒன்றுக்குத் தவறாகக் கரிநூல் கட்டிய பார்வையருக்கு என்ன தண்டம் என்று எவரும் விதி எழுதவில்லை. அப்படியொன்று நடக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை, மக்களே. இங்கேதான் வினை விளைந்தது.

பார்வையருள் பெருஞ்சாத்தன் என்று ஒருவர். கயிறு திரிப்பது அவர் தொழில். பொழுது சாயுமுன் தொழிலை முடித்துக் கைகழுவி, தேங்காய் நார் ஒட்டிய வேட்டியோடே பந்தலுக்கு வந்துவிடுவார். ஓலையைப் படிக்கும்போது உதடு அசையும்; நல்ல விடை கண்டால் பக்கத்து மணைக்காரரைத் தட்டி, “இதக் கேளுமய்யா, எவ்வளவு அழகாச் சொல்லியிருக்கான்!” என்பார். எழுதியவர் எவர் என்று பார்ப்பதைவிட, இது எவருக்கு உதவும் என்று பார்ப்பதே அவர் வழக்கம். அப்படிப்பட்டவர் கையில் ஒருநாள் வேவோலை ஒன்று வந்தது. தொண்டையில் பனங்கொட்டை சிக்கிய பசுவுக்கு என்ன செய்வது என்னும் விடை. பசு பிழைக்கட்டும் என்று மகிழ்ந்து விட்டுவிட்டார். மறுநாள் அவர் மணை குப்புறக் கிடந்தது.

அந்தப் பருவம் முழுவதும் பெருஞ்சாத்தன் பட்ட பாடு சொல்லி முடியாது. கயிறு வாங்க வந்தவர்களெல்லாம் வேடிக்கை பேசினார்கள். மீன்கூடைக்காரர் ஒருவர், “என்ன சாத்தரே, உம்ம மணை குப்புறப் படுத்துக் கிடக்கே, மேலுக்கு ஏதும் முடியலையா? கஷாயம் வச்சுக் குடுமே!” என்றார். கடையே சிரித்தது. பெருஞ்சாத்தனும் சிரித்தார், சிரித்துவிட்டு உள்ளே போய், திரித்து முடித்த கயிற்றை மறுபடி பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவி பின்னாளில் அவையில் கூறினார்.

பருவம் முடிந்து மணை நிமிர்ந்தது; ஆனால் அதில் அமர்ந்தவர் பழைய பெருஞ்சாத்தன் அல்லர். உதடு அசையப் படிப்பதை விட்டார். எந்த ஓலையைக் கண்டாலும், இதை எங்கே முன்பு கண்டோம் என்றே அவர் மனம் ஓடிற்று. ஐயம் வந்தால் கரிநூல். ஐயம் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று ஐயுற்று அதற்கும் கரிநூல். பந்தல்நாயகம் அவரை மெச்சி, திருட்டைப் பிடிப்பதில் இவரைப்போல் ஒருவர் இல்லை என்று அவையில் சொன்னார். பெருமாட்டியும் அதைக் கேட்டுத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பையும் இவ்வோலையில் மறைக்காமல் எழுதுக என்பது பெருமாட்டியின் கட்டளை.

ஆனைவாய்க் கழியைத் தோணியில் கடப்பது எப்படி என்ற கேள்விக்கு, உப்பு வணிகர் காரியார் பெயரில் நெடுநாளாக ஓர் ஓலை தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் நூல் அதில் கொத்துக் கொத்தாக ஆடும். கழியின் நடுவே நட்ட சாய்ந்த மரத்தறிகளுக்கு வலப்பக்கமாகப் போகவேண்டும் என்பது அதன் முடிவு. இந்த ஆண்டுப் பெருமழைக்குப் பின் அதே கேள்வியின் கீழ் புதிதாய் ஓர் ஓலை வந்தது. எழுதிக் கொடுத்தனுப்பியவள் கழியோரத்தில் மட்டி பொறுக்கும் நீலாயி. பெருஞ்சாத்தன் படித்தார். முதல் சொல்லிலிருந்து எல்லாம் காரியாரின் சொல். கடைசி வரி மட்டும் வேறு: தறிகளுக்கு இடப்பக்கமாகப் போகவேண்டும்.

உடல் முழுதும் படியெடுத்து, வாலில் ஒரு வரி மாற்றம்.  அரண்மனை மறுபடி வலை விரித்துவிட்டது என்றே பெருஞ்சாத்தன் எண்ணினார். உடனே கரிநூல் கட்டி ஓலையைப் பேழையில் இட்டார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்.

மறுநாள் நீலாயியே வந்துவிட்டாள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

“ஐயா, மட்டி பொறுக்குறவ நான். எழுத்துக் கோணலாத்தான் இருக்கும், நானாக் கத்துக்கிட்டது. சொல்லு மட்டும் என் சொல்லு,” என்றாள்.

“அம்மா, இதே சொல் காரியார் பேரில் முன்னமே தொங்குதே,” என்றார் பெருஞ்சாத்தன்.

“தொங்காம? எங்க குடிசை வாசல்ல குந்திக்கிட்டு, ‘அப்புறம்? அப்புறம்?’னு கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டுப் போனவரு அவருதானே! ஒரு சட்டி மட்டிக் குழம்பையும் காலி பண்ணிட்டுப் போனாரு. அவரு பேருல தொங்குதுன்னு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது.”

“சாட்சி உண்டா?”

“எம்புருசன் பக்கத்துல இருந்தாரு. இப்ப ஆழ்கடலுக்குப் போயிருக்காரு. வந்தாச் சொல்லுவாரு.”

“அவர் வரட்டும் தாயே. வந்தபின் பார்ப்போம்.”

நீலாயி பேழையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “எம்பேரு வேணாம்யா. திருடின்னே வச்சுக்குங்க, நூலு கட்டினது கட்டினதா இருக்கட்டும். அந்தக் கடைசி வரிய மட்டும் யாரு பேருலயாவது தொங்கவிடுங்க. இந்த மழையில மேடு புரண்டுபோச்சு. வலப்பக்கம் இப்ப புதைசேறு. தெரியாம எறங்குனா மேல வரமாட்டாங்க.”

இந்த இடத்தில் பெருஞ்சாத்தனின் மனம் எங்கெங்கே போயிற்று என்பதை அவர் வாயாலேயே அவை கேட்டது. அவள் சொல்வது மெய்யென்று உள்ளே ஒன்று சொல்லிற்றாம். கழிக்குப் போய் ஒரு கோலை ஊன்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றும் தோன்றிற்றாம். ஆயினும் வேவு வைப்பவர்கள் இப்படி ஆளனுப்பிக் கெஞ்சவும் வைப்பார்களோ என்ற நினைப்பு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதாம். கரிநூல் ஓலையின் ஒரு சொல்லும் பந்தலில் தொங்க விதி இடம் தராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“விதியா? அது எந்தத் தோணிய ஓட்டுது?” என்று கேட்டுவிட்டு நீலாயி போனாள்.

போனவள் வீட்டில் இருக்கவில்லை. ஓலை தொங்கவிட வழியில்லாதவள் தானே போய்க் கழிவாயில் நின்றாள். நீர் வற்றும் பொழுதெல்லாம், மட்டிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரும் தோணிகளைப் பார்த்து இடப்பக்கம், இடப்பக்கம் என்று கூவினாள். அறிந்தவர்கள் கேட்டுத் திரும்பினார்கள். அறியாதவர்கள் பித்துப் பிடித்தவள் என்றார்கள்.

பூவணனார் அறியாதவர். மலைநாட்டிலிருந்து முதன்முறையாக இஞ்சி ஏற்றி வந்தவர். பொறுப்புள்ளவர் ஆகையால் கழியில் இறங்குமுன் பந்தலுக்குச் சென்று காரியாரின் ஓலையைப் படித்தார். மஞ்சள் நூல்களைக் கண்டார். மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். கரையில் கூவிய பெண்ணைப் பார்த்து அவர் கைகூப்பினார் என்றும், “அம்மா, நான் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன், பயப்படாதீங்க,” என்று சொன்னார் என்றும் தோணிக்காரர் கூறினார். தோணி வலப்பக்கம் போய்ப் புதைசேற்றில் சிக்கிற்று. நீலாயி தன் சேற்றுப்பலகையின்மேல் தவழ்ந்து போய்த் தோணிக்காரரை இழுத்து வந்தாள். பூவணனாரிடம் போய்ச் சேருமுன் நீர் ஏறிவிட்டது.

அவை கூடியது. காரியார் வந்து, சொன்னவள் அவள்தான், ஆனால் எழுத்துத் தம்முடையதுதானே என்றார்.   அவருடைய ஓலை இறக்கப்பட்டது. பெருஞ்சாத்தன் தம் மணையைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து அவை நடுவே குப்புறப் போட்டு, இதைவிடப் பெரிய தண்டம் எதுவோ அதைத் தருமாறு வேண்டினார். பெருமாட்டி எழுந்து வந்து மணையை நிமிர்த்தினார். அஞ்சியவர் கையில் நூலைக் கொடுத்தது அரண்மனை; அவரை அஞ்சவைத்ததும் அரண்மனையே என்றார். நல்ல பார்வையர் ஒருவரைக் கெடுத்துவிட்டோம் என்றும் சொன்னார்.

பெருஞ்சாத்தன் பின்பு நீலாயியின் குடிசைக்குப் போனார். அவள் மட்டி கழுவிக்கொண்டிருந்தாள். வருத்தம் தெரிவிக்க வந்ததாகச் சொன்னார். “சொல்லிட்டீரா? சரி. எங்கிட்டச் சொல்லி என்ன, நான் உசிரோடதானே இருக்கேன்,” என்றாள். மறுபடி ஓலை எழுதித் தருமாறு பெருமாட்டி விடுத்த வேண்டுகோளுக்கு, இனி எழுத மனமில்லை, கேட்டு வருபவர்க்கு வாயால் சொல்கிறேன் என்று மறுமொழி தந்தாள். அவளை வற்புறுத்தவில்லை.

ஆகவே கானலம்பட்டணத்திலும் குறும்பொறையிலும், இவ்வரசின் நிழல்பட்ட எல்லாப் பந்தல்களிலும் இன்றுமுதல் நடக்கவேண்டுவன: வேவோலை கலக்கும் வழக்கம் ஒழிக. பிழைபட்ட பார்வையரின் மணையைக் கவிழ்க்கலாகாது. அவரை அருகே அழைத்துப் பிழையைக் காட்டுக. எவர் ஓலையிலும் கரிநூல் கட்டுமுன் அவர் இருப்பிடம் சென்று, அவர் சொல்வதை முழுதும் கேட்கவேண்டும். சாட்சி கடலில் இருந்தால் காத்திருக்கவேண்டும். உயிர் காக்கும் சொல்லாயின், திருடியவர் எவர் என்று தெரியுமுன்பே அச்சொல் பந்தலில் தொங்கவேண்டும்.

இன்னும் ஒன்று. பேழையில் கிடந்த ஓலைகளை எடுத்துப் பார்த்தோம். திருட்டென்று உறுதிப்பட்டவை சிலவே. மற்றவற்றை உரியவர் கையில் நேரே சேர்ப்பிப்பதற்குப் பெருஞ்சாத்தனே இசைவு கேட்டார்; பெருமாட்டி இசைந்தார். குறும்பொறையாரின் ஓலைகள் பல அதில் உண்டு. அவற்றைப் பெறுவோர் மனத்தில் உள்ளதைச் சொல்லலாம், வைதாலும் குற்றமில்லை. கல்லெடுத்தல் மட்டும் வேண்டா. வாங்க மறுப்பார் உண்டாயின், அவரை வற்புறுத்தவும் வேண்டா.

வேளார் அவர்களே, இவ்வோலையைத் தங்கள் காவலர் கையில் தந்துவிட்டு, தோளில் ஓலைப்பையுடன் சாவடிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பவரே பெருஞ்சாத்தன். அவர் உள்ளே வரலாமா என்பதை மருதியம்மையாரிடம் கேளுங்கள். அம்மையார் வேண்டாம் என்றால், குடிக்க நீர் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். வரட்டும் என்றால், அம்மையார் பேசி முடிக்கும்வரை வேறு எவரும் பேசலாகாது.

துடுப்பும் சங்கும் பொறித்த அரச முத்திரை, பெருமாட்டி தம் கையால் இட்டது. இவ்வாணை நிற்க, குறும்பொறை வாழ்க.