மோசம் போனவருக்கான ஜெபம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
புதன்கிழமை

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி ஆசீருக்கு,

றஜிதா அக்கா எழுதுவது. நீங்களும் உங்கள் மனைவியும் அந்த நோர்வேக் குளிரில் சுகமாக இருக்க வேண்டுமென்று கர்த்தரிடம் கேட்கிறேன். திரையில் பார்த்தபோது மெலிந்துபோயிருந்தீர்கள். அங்கே நல்ல மீன் கிடைக்குமாம், வாங்கிச் சமைத்துச் சாப்பிடுங்கள். நானும் மகள் லதுஷாவும் இங்கே இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத வந்து பேனை நின்றுவிட்டது, ஆகவே இருக்கிறோம் என்றே விட்டுவிடுகிறேன்.

இதைக் கடிதமாக எழுதக் காரணம் உண்டு. உங்கள் சபைக்கும் எங்கள் சபைக்கும் நடக்கிற பேச்சு முழுக்க எங்கள் ஜக்சன் பாஸ்டரின் போனிலும் உங்கள் மொழிபெயர்ப்பிலும்தான் போய்வருகிறது. அவர் பக்கத்தில் இருக்க என்னால் இதைச் சொல்ல ஏலாது. குரல் பதிவாக அனுப்பினால் பாதியில் அழுதுவிடுவேன். அதுவுமல்லாமல், குரல் பதிவில் போய்த்தான் இந்தப் பிழையே வந்தது. எழுதி, படம் பிடித்து, உங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன்.

நேரே சொல்கிறேன் தம்பி. என் கணவர் மேர்வின் உயிரோடு இல்லை. சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் கிழமை துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துப் பார்த்தார்கள், கைவிட்டுவிட்டார்கள். அடக்கம் செய்து, கல்லறைக்குச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. பெட்டியில் வைக்கும்போது நான்தான் உடுப்புப் போட்டுவிட்டேன். கால் வீங்கியிருந்ததால் சப்பாத்து ஏறவில்லை, வெறும் வெள்ளை மேஸ், நீங்கள் காலுறை என்பீர்கள், அதை மட்டும் மாட்டிவிட்டேன்.

உயிர் பிரிந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே பாஸ்டர் உங்களுக்குக் குரல் பதிவு அனுப்பினார். எங்கட மேர்வின் மோசம் போயிட்டார், ஜெபியுங்கோ என்று அழுதழுது சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒருவர் மோசம் போனார் என்றால் செத்துப்போனார் என்று அர்த்தம். செத்தார் என்று சொல்ல வாய் கூசுகிற நேரத்தில் அப்படிச் சொல்வோம். நாகர்கோவிலில் பிறந்த உங்களுக்கு மோசம் போவது என்றால் ஏமாந்து கெட்டுப்போவது. உங்களில் குற்றமில்லை. இரண்டு கரையிலும் ஒரே தமிழ்தானே என்று எல்லோருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆவணியில் இரண்டு சபையும் திரையில் சேர்ந்து ஆராதனை வைத்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. உங்களுக்குக் காலை, எங்களுக்குப் பின்னேரம். பாட்டு முடிந்ததும் உங்கள் சபையார் எல்லோரும், நரைத்த கிழவர் முதல் சின்னப் பிள்ளைகள் வரை, எழும்பி நின்று ஒரே குரலில் தமிழில் சொன்னார்கள். மேர்வின், வீட்டுக்கு வா. மேர்வின், வீட்டுக்கு வா. நல்லாய்த்தான் பழக்கியிருக்கிறீர்கள், அவ்வளவு திருத்தமாக இருந்தது. எங்கள் பக்கம் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. நீங்கள் சந்தோஷமாக விளக்கினீர்கள். மேர்வின் அண்ணன் ஊழியம் செய்த புல்மோட்டைப் பக்கத்தில் வழிதவறிப் போய்விட்டார், அங்கேயிருந்து மனைவி பிள்ளையிடம் திரும்பிவர வேண்டுமென்று ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம், இதுவரை நோர்வே மொழியில் ஜெபித்தோம், இனி அவருக்கு விளங்குகிற பாஷையிலேயே கூப்பிடப்போகிறோம் என்றீர்கள்.

பாஸ்டர் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு பேர் என் மனுசனுக்காக எழும்பி நிற்கிறார்களே என்று மனதின் ஒரு மூலையில் ஆறுதலாகக்கூட இருந்தது. அதை மறைத்து எழுதி என்ன பிரயோசனம்.

அடுத்த கிழமை புல்மோட்டையிலிருந்து முனாப் நானா போன் எடுத்தார். கடை வைத்திருப்பவர், மேர்வின் லீவு நாளில் ஊழியத்துக்கு அந்தப் பக்கம் போனால் அவரிடம்தான் பிளேன்டீ குடிப்பார். மரணச் செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. நம்மட ஐயா ஞாயிறு பின்னேரம் கடைக்கு வந்தவர், வீட்டுக்குப் போற பாதை எது எண்டு கேட்டவர், முகம் சரியில்லை, ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ என்றார். வேறு யாரையோ கண்டு மாறிச் சொல்கிறார் என்று நினைத்து, இவர் இறந்ததைச் சொன்னேன். அவர், இந்த வெயிலுக்குள்ள சப்பாத்து இல்லாமல் வெள்ளை மேசோட நிண்டவர் தங்கச்சி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு திரியாய், புல்மோட்டையிலிருந்து எங்கள் பக்கம் வருகிற வழியில் இருக்கிற ஊர். அங்கே குணேஸ்வரி என்றொரு பெண், சைவக்காரி, இவர் போகும்போதெல்லாம் மோர் கொடுப்பாள். வாசலில் வந்து நின்றவர் தண்ணீரை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாராம், குடிக்கவில்லையாம். வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகினம், ஆர் கூப்பிடுகினம் எண்டு தெரியேல்லை என்றாராம். அவள் எனக்குப் போனில் அதைச் சொன்னபோது நான் சந்தைக்குள் நின்றேன். கையிலிருந்த மரக்கறிப் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இனித்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள். போன மாதம் பாலையூற்றிலிருந்து சோமசேகரம் மாஸ்டர் பேசினார். கல்யாணம் முடித்த புதிதில் அவருடைய வீட்டில்தான் வாடகைக்கு இருந்தோம், லதுஷா பிறந்ததும் அங்கேதான். மனுசர் எல்லோரையும் பகிடி பண்ணுகிறவர். உன்ர அவருக்கு வீடு மாறினது மறந்துபோச்சோ, நேற்று வந்து என்ர வீட்டுக் கதவைத் தள்ளுறார், நான்தான் நீங்கள் இப்ப துறைமுகப் பக்கமெல்லோ இருக்கிறியள் எண்டு வழி சொல்லி அனுப்பினனான் என்று சிரித்தார். என்னால் அவருக்கு உண்மையைச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கிழவர் அன்றைக்கே படுத்திருப்பார். தம்பி, டவுனுக்குள் வந்து, எங்கள் வீட்டைத் தாண்டி, அந்தப் பழைய வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். உங்கள் சபையார் வீடு என்றுதானே சொன்னார்கள். எது வீடு என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

பாஸ்டரிடம் போனேன். ஊர் ஊராகப் பிசாசு துரத்துகிறவர், நான் சொல்லி முடிக்கமுதல் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார். பிறகு உட்கார்ந்து நல்லவிதமாகத்தான் பேசினார். ஜெபத்தால ஒருநாளும் கெடுதி வராது, இப்ப போய் அவர் செத்திட்டார் எண்டு சொன்னால் இவ்வளவு நாளும் ஏன் மறைச்சனீங்கள் எண்டு கேப்பினம், இந்த உறவை நாங்கள் எவ்வளவு பாடுபட்டுக் கட்டினனாங்கள், கொஞ்சம் பொறுங்கோ என்றார். கெட்ட மனுசர் இல்லை, பயந்த மனுசர். ஆனால் வாசலைத் தாண்டும்போது கவனித்தேன், அவர் தன் கேற்றுக்குப் புதுப் பூட்டுப் போட்டிருந்தார்.

நான் பொறுத்துத்தான் பார்த்தேன். ஞாயிறு பின்னேரங்களில் கதவை யன்னலைச் சாத்திக்கொண்டு நானும் மகளும் உள்ளேயே இருந்தோம். வெளியே நல்ல வெயில் எறிக்கும், துறைமுகத்தில் கப்பல் ஊதும், தெருவில் பிள்ளைகள் விளையாடுவார்கள். பட்டப்பகலில் பயப்படுவது எவ்வளவு வெட்கமாக இருக்கிறது தெரியுமா?

இந்த ஞாயிறு எனக்குக் கண் அயர்ந்துவிட்டது. எழும்பிப் பார்த்தால் லதுஷாவைக் காணவில்லை. கேற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்டேன், உடம்பு சில்லிட்டிருந்தது. உள்ளே கூட்டிவந்து குசினியில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்துக் கேட்டேன். அப்பா வந்தவர் என்றாள். என்னை ஆரெண்டு தெரியேல்லை அம்மா, மேர்வின்ர வீடு எது பிள்ளை எண்டு கேட்டவர், எனக்குத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன் என்றாள். ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வீட்டுப் பக்கம் நடந்து போனாராம்.

சொல்லிவிட்டு அப்பா, அப்பா என்று கத்தி அழத் தொடங்கினாள். நான் பொய் சொல்லிப்போட்டன், அவர் எங்க போவார் என்று கேட்டுக் கேட்டு அழுகிறாள். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை தம்பி. தகப்பனை அடக்கம் செய்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

அதனால் உங்களிடம் ஒன்றைக் கேட்டு எழுதுகிறேன். ஜெபத்தை நிறுத்துங்கள் என்று மட்டும் சபையாரிடம் சொல்லிவிடாதீர்கள். சும்மா நிறுத்திவிட்டால் அவர் வந்த இடத்திலேயே, அந்தத் தெருவிலேயே, வெயிலில் நின்றுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வாற ஞாயிறு நீங்கள் எழும்பி, மேர்வின் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சபைக்குச் சொல்லுங்கள். அது பொய்யில்லை. கர்த்தருக்குள் மரித்தவரை நாங்கள் அப்படியும் சொல்வதுண்டு, உங்கள் ஊரிலும் சொல்வீர்கள்தானே. அந்தக் கிழவர்களும் பிள்ளைகளும் எத்தனை மாதம் நின்று கேட்டார்கள், எல்லோருமாகச் சேர்ந்து நன்றி சொல்லி முடிக்கட்டும். அதைத் தமிழில் சொல்லப் பழக்குங்கள். மேர்வின், நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள், இனி இளைப்பாறுங்கள் என்று அவருக்கு விளங்குகிறமாதிரிச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். உண்மை எல்லாம் பிறகு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம், பாஸ்டரிடம் நான் பேசுகிறேன்.

கட்டாயம் வாற ஞாயிறு, தம்பி. அதற்கடுத்த ஞாயிறுக்குத் தள்ளாதீர்கள். பிள்ளையால் தெரியாது என்று சொல்ல முடிந்தது, அவளுக்கு அந்தத் தைரியத்தைக் கர்த்தர் கொடுத்தார். என்னிடம் கொடுத்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் மனுசன் களைத்துப்போய் வந்து நின்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டால், இதுதான் வீடு என்று சொல்லிவிடுவேன்.

உங்கள் வீட்டிலிருந்து போகிற எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வரவும், திரும்ப முடியாதவர்கள் போன இடத்தில் சமாதானமாக இருக்கவும் கர்த்தர் அருள்செய்வாராக.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்கு அல்ல, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கும்
றஜிதா மேர்வின்