தேமலா, வெண்குஷ்டமா

8 நவம்பர் 1987, ஞாயிறு

விடாத மழை. பேசாமல் இருந்தது போதும். இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

நேற்று காசிம் ஹாஜியார் கடையின் பின்னறையில் கூட்டம். அரிசி மூட்டைகள்மேல், மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த ஊர்க்காரர் எல்லோரும். ஹாஜியாரின் தங்கை மகன் மன்சூர், தன் மனைவி ரிஹானாவின் கழுத்தில் வெண்குஷ்டம் என்கிறான். அந்த நோயைக் காட்டி நிக்காஹ்வை முறிக்க வேண்டுமாம். முறித்தால் அவளை மன்னாருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அங்கே அவளுக்கு யாரும் இல்லை.

நோயைச் சொல்ல வந்த 'நிபுணர்' பதுறுதீன். ஊர் டிஸ்பென்சரியில் நோயாளிகளுக்கு வரிசைத் துண்டு எழுதியவர். டியூப் வெளிச்சத்தில், தள்ளி நின்று ஒரு பார்வை.

"சந்தேகமே இல்லை, ஹாஜியார். அதுதான்."

ரிஹானா, தலைத்துணியை இழுத்து மூடியபடி: "இது தேமல், மாமா. சின்னனிலையும் வந்தது. ஒரு டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்."

மன்சூர்: "இவவுக்கு டொக்டர் வேணுமாம்! அப்ப பதுறுதீன் நானா ஆர், தையல்காரரோ?"

சிரிப்பு. அவளுடைய அண்ணன் சலீம் மட்டும் தரையைப் பார்த்தபடி. நானும் வாய் திறக்கவில்லை. ஹாஜியாரின் தீர்ப்பு வரும் சனிக்கிழமை.

10 செவ்வாய்

குளிர். உணவகத்தில் கோப்பை கழுவ இன்றும் இருவர் வேலை எனக்கே. விரல்களில் வெடிப்பு. வாங்க: வாஸ்லீன், தேயிலை.

எங்கள் நிக்காஹ் வழக்குகளைக் கேட்கும் மன்னார் காதி நீதிமன்றத்தில் பல வருடம் எழுத்தர் நான். ஷாஃபி கிதாபில், எங்கள் மார்க்கச் சட்டநூலில், இதே வழக்கு இருக்கிறது. தோல் வெண்மை தேமலா வெண்குஷ்டமா என்று தகராறு வந்தால், நோயறிந்த, நேர்மையான இருவர் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நிக்காஹ் முறியாது. பதுறுதீன் ஒருவர். அவரும் நோயறியாதவர்.

போன நோன்பில் ஒரு சட்டம் சொல்லப்போனேன். ஹாஜியார், எல்லோர் முன்னும்: "கோப்பை கழுவுறவருக்குக் கிதாப் எதுக்கு?" மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

11 புதன்

விடுமுறை. லாச்சப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் சலீம். ரிஹானா இப்போது புறநகரில், திரான்சியில், அவன் வீட்டில்.

"எப்பிடி இருக்கிறா?"

"சாப்பிடுறா இல்லை, நானா. பிள்ளையளைத் தொடவேண்டாம் எண்டு என்ரை மனிசி சொல்லிப்போட்டா."

"கூட்டத்திலை நீ ஒண்டும் கேக்கேல்லையே?"

"ஹாஜியாரோடை நான் என்னத்தைக் கதைக்கிறது? எனக்குச் சட்டம் தெரியுமே?"

எனக்குத் தெரியும். சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார்கள். உடனே என் பெயரைச் சொல்லிவிடுவான். தேயிலை வாங்கவேண்டும் என்று சொல்லி நழுவிவிட்டேன்.

12 வியாழன்

தூக்கமில்லை. சலீமுக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டேன். இருவர் வேண்டும் என்ற விதி. கிதாபில் எங்கே என்பதும். உன் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் துனீசிய டொக்டர்கள் இருவர், தொழுகையாளிகள். கடிதம் கிடைத்த அன்றே தங்கையைக் கூட்டிப்போ. சனிக்கிழமை கூட்டத்தில் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்.

கையெழுத்து? போட்டால் ஹாஜியாருக்கு வேலை சுலபம்: பகைவன் சாட்சியம் செல்லாது. அதுவும் அதே கிதாபில்தான். பகை உண்டு, மறுக்கவில்லை. அவர் முகம் கறுப்பதைப் பார்க்க ஆசையும் உண்டு. ஆனால் விமானம் ஏறப்போவது ரிஹானா. விதியை யார் சொன்னாலும் விதி.

பெயர் போடவில்லை. வேலைக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போடுகிறேன்.